தோல் பழகுதல்: 'தொடக்கநிலையாளர்' என்பவரின் வரலாறு

கம்பம்மெட்டில் சாரல் பிடித்துவிட்டால் தோல் இரண்டு வாரத்தில் பூத்துவிடுகிறது. ஆனியில் வாங்கி வைத்த துண்டுத் தோல் ஒன்று, ஆடி பிறப்பதற்குள் வெண்பூஞ்சை படர்ந்து கிடந்தது. துடைத்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வெதுவெதுப்பில் ஒரு நாள் வைத்திருந்து, மீண்டும் தைக்க உட்கார்ந்தேன். பணப்பை ஒன்றைக் கையாலேயே தைத்துவிட வேண்டும் என்பது ஆசை. ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து சில மணி நேரம் தப்பியிருக்கலாம் என்பது உண்மையான காரணம்.

குத்தூசி வாங்க மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனபோது, சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். "இத எதுக்குத் தம்பி பழகுறீங்க?" என்றார். "சும்மா, ஒரு ஆசைக்குத்தான் ஐயா" என்றேன். "எங்ககிட்ட யாரும் ஆசையான்னு கேக்கல" என்று சொல்லிவிட்டு, ஊசியைப் பிடிக்கும் விதத்தைக் காட்டத் தொடங்கினார்.

தமிழ்ச் சூழலில் தோல் வேலையைத் 'தொடங்குதல்' என்ற செயல் எப்போது சாத்தியமாயிற்று? பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலில் தொடக்கநிலையாளர் என்றொருவர் இருக்க முடியாது. உள்ளே பிறந்தவர் தொடங்குவதில்லை. வெளியே பிறந்தவர் தொடுவதில்லை. ஆகவே விருப்பத்தால் தோலைக் கையிலெடுப்பவருக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. அது மிகக் குறுகியது.

திறனுக்கோ மிக நீண்ட வரலாறு. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு உவமை தேடுகிறார். அவருக்குக் கிடைப்பது கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவனுடைய ஊசி. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் ஓடும் ஊசி. அரசனின் வீரத்தை அளக்கும் கோலாக அவன் கைத்திறன் நிற்கிறது. ஆனால் அவனைச் சுட்டும் சொல் 'இழிசினன்'. சங்க காலத்தில் சாதி எவ்வடிவில் இருந்தது என்ற நெடிய விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. திறனுக்கு வியப்பு, திறனுடையவனுக்கு இழிசொல் என்ற இணைப்பு அவ்வளவு பழையது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இந்த இணைப்பின் பொருளியல் அடித்தளத்தைக் காண நூலகம் செல்ல வேண்டியதில்லை. மெட்டிலிருந்து கீழே தெரியும் கம்பம் பள்ளத்தாக்கின் கிணறுகளே போதும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்ட பின்னரும், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்கள் கமலை இறைவையையே நம்பியிருந்தன. மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, கிணற்றிலிருந்து நீர் மேலேறும். சாலும் அதன் அடியில் தொங்கும் வாலும் தோலால் ஆனவை. பிற்காலத்தில் சால் இரும்புக் கூனையாக மாறியபோதும் வால் தோலாகவே நீடித்தது. அது கிழிந்தால் அன்றைய இறைவை நின்றது. தைத்துக் கொடுக்கும் குடும்பத்துக்குக் கூலி பெரும்பாலும் களத்து நெல்லாக, அறுவடையின்போது அளக்கப்பட்டது. ஊரின் பயிர் அந்தக் குடும்பத்தின் ஊசியில் தொங்கியது. ஊர்க் கிணற்றிலோ அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் இல்லை. இதைவிடச் சுருக்கமாகச் சாதியை விளக்க எனக்குத் தெரியவில்லை.

தென்னிந்தியத் தோலில் நவீன அறிவியல் நுழைந்த வாயில்களுள் ஒன்றும் இந்த நீர்ச்சால்தான். சென்னைக் கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலை ஊன்றிய பிறகு, 1903 வாக்கில் குரோம் பதனிடும் சோதனைகளில் இறங்கினார். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் ஓயாமல் நீரில் நனைந்தால் அதன் துவர்ப்புச் சத்து மெல்லக் கரைந்து, நாளடைவில் நைந்துவிடும். குரோம் உப்பால் பதனிட்டது நீரைத் தாங்கும். உழவருக்கு நீடித்து உழைக்கும் சால் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்க்க, 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபுவின் ஆணை அம்முயற்சிகளுக்குத் தடையிட்டது. குரோம் தோல் தனியார் கைகளுக்குப் போயிற்று. சென்னையின் குரோம்பேட்டை தன் பெயரை அத்தகைய ஒரு தொழிற்சாலையிடமிருந்தே பெற்றது. (குரோமின் மறுபக்கத்தைப் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 ஆகஸ்டில் வந்தது. அது தனிப் பதிவுக்குரியது.)

விருப்பத்தால் தோலைத் தொட்டவர்களுள் உலகறிந்தவர் காந்தி. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் அளித்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. அங்கு வாழ்ந்த சத்தியாகிரகிகளில் தமிழர் பலர். காலன்பாக் கட்டடக் கலைஞர். மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்டுத் துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் மற்றவர்கள் கற்றனர். 1913இல் சிறையிலிருந்தபோது காந்தி தைத்த செருப்பை ஜெனரல் ஸ்மட்ஸ் பல கோடைகள் அணிந்து, 1939இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். இக்கதையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். எனக்கு அதில் இன்று உறுத்துவது வேறொன்று. சாதி சுமத்திய தொழிலை ஒரு வழக்குரைஞர் ஐரோப்பியத் துறவியர் வழியாக, அயல்நாட்டில், சமையலும் தச்சும் போன்ற ஒரு கைவினையாகக் கற்க முடிந்தது. சொந்த ஊரில், செருப்புத் தைப்பவர் தெருவில் உட்கார்ந்து கற்றிருக்க முடியுமா? கற்றவருடைய செருப்பு அருங்காட்சியகப் பொருளாயிற்று. பிறந்தவருடைய செருப்பு விலை பேசப்பட்டது.

நிறுவன வழி அதன் பின்னரே திறந்தது. 1940களில் சென்னையில் தோல் தொழில்நுட்பம் பட்டப் படிப்பாயிற்று. 1948 ஏப்ரல் 24 அன்று அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. குண்டூர்ப் பகுதியின் வேளாண் குடும்பமொன்றில் பிறந்த எலவர்த்தி நாயுடம்மா அதன் இயக்குநராகி, தோலை ஆய்வகத்துக்குரிய பொருளாக நாட்டின் கண்முன் நிறுத்தினார். வேதியியலாகப் பெயர் மாறியதும் தோல் எல்லாருக்கும் உரியதாயிற்று. இறந்த மாட்டின் தோலை உரிக்கும் வேலை மட்டும் அதே தெருவிலேயே தங்கிவிட்டது.

இன்றைய பொழுதுபோக்குப் பழகுநர்கள் 'வெஜ்-டான்' என்று தேடியலைந்து வாங்கும் தோலுக்கும் இதில் இடமுண்டு. சித்திரம் அழுத்தினால் தடம் நிற்பது தாவரத் துவர்ப்பேறிய தோலில்தான். குரோம் தோல் மீண்டும் உப்பிவிடும். திண்டுக்கல், வாணியம்பாடி, திருச்சித் தொட்டிகளில் சுண்ணாம்பில் மயிர் கழித்து, ஆவாரம்பட்டை நீரில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காயால் நிறம் தெளிந்து லண்டன் சந்தைக்குப் போன 'கிழக்கிந்தியத் தோல்' அதே வகையினது. இப்போது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆவாரஞ்செடி கம்பத்துக் கரட்டில் யாரும் சீண்டாமல் பூத்துக் கிடக்கிறது.

பெரியவர் எனக்குக் கற்பித்தது இரட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகச் செலுத்த வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். இயந்திரத் தையல் அறுந்தால் தொடர்ந்து பிரியும். புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டு கைகளின் இழுப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பது புத்தகத்திலும் இருந்தது, கையில் இல்லை.

ஆவணியில் பணப்பையை முடித்து அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் நெம்பினார். இடக்கைப் பக்கம் தையல் தளர்ந்திருந்தது. ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து ஒரு வரிசையை முழுவதுமாக அறுத்துவிட்டு, "மறுபடி தைங்க" என்று நீட்டினார். நூலுக்கு மெழுகு கொடுத்தார். அதற்கு மட்டும் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.