ஒரு முழக் கம்பி

எங்கள் ஐயப்பன்தாங்கல் தெருவில் பல வருடங்களாக ஒரு வெள்ளை மாருதி 800 நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் உரிந்த பழைய வண்டி. ஆனால் கூரையின் நட்டநடுவில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். தெருப் பிள்ளைகள் அதைப் "போலீஸ் கார்" என்பார்கள். வண்டிக்காரர் ஆவடிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர். அவரை நாங்கள் 'ரேடியோ சார்' என்றுதான் கூப்பிடுவோம். 2015 டிசம்பர் வரை அந்தக் கம்பியை ஓய்வூதியக்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. அந்த மாதத்துக் கதைக்கு வருமுன், கம்பியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு 'அஞ்சல்' என்ற சொல்லின் இன்னொரு பொருள் நினைவிருக்கும். டில்லியில் வாசிக்கும் தமிழ்ச் செய்தியைச் சென்னையும் திருச்சியும் வாங்கித் தங்கள் அலைவரிசையில் திரும்ப விடும். அதை 'அஞ்சல் செய்வது' என்பார்கள். ஒருவர் ஓடிக் களைத்ததும் அடுத்தவர் கோலை வாங்கி ஓடுவதும் அஞ்சல் ஓட்டம்தான். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே இதற்கு 'ரிலே' என்பார்கள். அந்தக் காலத்து வண்டிப் பாதையில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டும் இடத்துக்கு அதுதான் பெயர். இன்றைக்கு ஹாம்காரர்கள் 'ரிப்பீட்டர்' என்று சொல்வதும் அதே வேலைதான்.

பள்ளியில் எங்களுக்கு க்ளோத் ஷாப் என்பவரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 1794-ல் பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை கோபுரம் கோபுரமாகக் கட்டி, ஒவ்வொன்றின் உச்சியிலும் மரக்கைகளைப் பொருத்தினார். ஒரு கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் முந்தைய கோபுரத்தின் கைகளைப் பார்த்து, அதே கோணத்தில் தன் கைகளையும் திருப்புவார். அடுத்த கோபுரத்தார் அதைப் பார்த்துத் திருப்புவார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் இருப்பவருக்குச் செய்தியின் அர்த்தம் தெரியாது என்பதுதான். சங்கேதப் புத்தகம் மேலதிகாரிகளிடம் மட்டும் இருக்கும். வந்ததைச் சிதைக்காமல் அனுப்புவதோடு இவர் வேலை முடிந்தது. ஒரு குமாஸ்தாவுக்கு இது நன்றாகவே புரியும்.

அந்தக் கோபுரங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியவேண்டும். நம் பக்கத்துப் பரங்கிமலையும் இந்தக் கணக்கில் வருகிறது. 1802-ல் கர்னல் லாம்டன் இந்திய நில அளவைக்கு அடிக்கோடு அளந்தது அந்த மலையின் பக்கத்தில்தான். அவருக்கும் உயரத்திலிருந்து உயரத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. மலை இல்லாத தஞ்சாவூர்ச் சமவெளியில் அரை டன் எடையுள்ள கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றப்போய், 1808-ல் அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. உயரத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. ஈபில் கோபுரமும் உயரத்தால்தான் பிழைத்தது. இருபது ஆண்டு அனுமதி 1909-ல் முடிந்ததும் பிரித்துவிடலாம் என்றிருந்தார்கள். ஃபெரியே என்ற ராணுவ அதிகாரி அதன் உச்சியிலிருந்து வயர்லெஸ் கம்பிகளை இறக்கிச் சோதனை நடத்தியிருந்தார். அதனால்தான் கோபுரம் தப்பியது.

ரேடியோ அலைகளில் இரண்டு ஜாதி உண்டு என்பார் ரேடியோ சார். 'எச்.எஃப்.' அலை வானத்தில் மோதித் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். 'வி.எச்.எஃப்.' நேர்கோட்டுக்காரன், கண் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் போவான். கணக்கும் எளிதுதான். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய நாலால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். காரின் கூரை ஒன்றரை மீட்டர், அதற்கு 5 கிலோமீட்டர். இரண்டு கார்கள் பேசிக்கொண்டால் ஏட்டளவில் 10. கட்டிடங்களுக்கு நடுவே மூன்று தேறினால் அதிர்ஷ்டம். ஆனால் 90 மீட்டர் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், அது மட்டும் 39 கிலோமீட்டர் பார்க்கும். பூந்தமல்லிக்காரனும் தாம்பரத்துக்காரனும் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை, இருவரும் அதைப் பார்த்தால் போதும். கொடைக்கானல் உச்சியில் இருக்கும் ரிப்பீட்டரைத் தென்மாவட்டத்துக்காரர்கள் கொண்டாடுவது இதனால்தான். நம் சென்னை தட்டையான ஊர். இங்கே உயரமான கட்டிடத்தின் மொட்டைமாடியைத் தேடி அலையவேண்டும்.

ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டுக்கொண்டே, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் பேசவேண்டும். தன் குரலே தன் காதை அடைக்காமலிருக்க, டின் டின்னாக உலோகக் குழாய் வடிகட்டிகள் வைத்திருப்பார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் சற்று இடைவெளி விட்டுத்தான் பேசவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அவசரக்காரன் யாராவது அந்த இடைவெளியில் நுழையலாமல்லவா? நம் டீக்கடைப் பேச்சில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

வண்டியில் வயர்லெஸ் என்பது போலீஸ்காரர்களால் வளர்ந்தது. 1928-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீஸ் வண்டிகளில் ரேடியோ வந்தது, ஆனால் கேட்க மட்டும்தான் முடியும். பதில் சொல்லத் தெருவோர டெலிபோனைத் தேடி ஓடவேண்டும். 1933-ல் நியூஜெர்ஸியில் உள்ள பேயோன் என்ற ஊரில்தான் வண்டியிலிருந்தே பதில் பேசினார்கள். நம்மூரில், 2000-க்குப் பிறகு கால் டாக்ஸிகள் பெருகியபோது கூரையில் கம்பியும் உள்ளே கரகரத்த குரலும் இருந்ததே, நினைவிருக்கிறதா? "போரூர்ப் பக்கம் எந்த வண்டி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். செல்போன் வந்து அந்தக் குரலை விழுங்கிவிட்டது.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் சென்னையில் ஒரு தனிமனிதர் விதை போட்டிருந்தார். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924 மே மாதம் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31-ல் ஒலிபரப்பையும் ஆரம்பித்தார்கள். முதல் கருவி வெறும் 40 வாட், நம் வீட்டுக் குண்டு பல்பின் அளவு. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டு, கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரலில் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16-ல்தான். அரசாங்கம் வருவதற்கு 14 ஆண்டுகள் முன்பே இந்த ஊர் ஆர்வலர்கள் பேசிக்காட்டிவிட்டார்கள்.

ஆனால் அரசாங்கம் ஆர்வலர்களை எப்போதும் ஒரு கண் வைத்தே பார்த்தது. 1933-ன் வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். சாதாரண ரேடியோப் பெட்டிக்கே தபாலாபீஸில் வருடா வருடம் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கியவர்கள் நாம். 1939-ல் யுத்தம் வந்ததும் ஹாம் லைசென்ஸ்களையெல்லாம் ரத்து செய்து கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் தேர்வு, போலீஸ் விசாரணை, காத்திருப்பு எல்லாம் தொடர்ந்தன. ரேடியோ சார் தன் லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருடம் காத்திருந்தாராம். கோப்பு எந்த மேஜையில் தூங்கியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். சொல்லமாட்டேன்.

ஹாம்காரர்களில் ஒருவர் பிரதமராகவே ஆனார். ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் போரூர், பூந்தமல்லி என்று நம் சாலையில்தான் அவர் வண்டி போயிற்று. அதற்குப் பின் சில வருடங்கள், கையில் வாக்கி-டாக்கியோடு நிற்பவனைப் பார்த்தால் ஜனங்கள் ஒதுங்கி நடந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

இந்தப் பார்வையை மாற்றியது சுனாமி. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாத் ஹாம் நிறுவனத்தின் குழுவோடு, சிறப்பு அனுமதி பெற்று போர்ட் பிளேயரில் ரேடியோ வைத்திருந்தார். உலகத்து ஹாம்களோடு பேசும் உற்சாகத்துக்காகப் போனவர்கள். 26-ஆம் தேதி காலை பூமி ஆடியது, டெலிபோன் செத்தது. விளையாட்டுக்கு வைத்த அதே கருவி, அந்தமானிலிருந்து வெளியே செய்தி சொல்லும் கருவியாகிவிட்டது.

இப்போது எங்கள் தெரு.

'தாங்கல்' என்றால் சிறு நீர்த்தேக்கம். பெயரிலேயே தண்ணீர் இருக்கும் ஊரில் மனை வாங்கியிருக்கிறோம் என்பதை 2015 டிசம்பர் 1 எங்களுக்கு நினைவூட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாறு கரை தாண்டியது. எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீரோடு நின்றது. ஆனால் முடிச்சூரில் என் அக்கா இருந்தாள், அத்தான், கல்யாணமாகாத பேத்தியோடு. அக்காவுக்கு இன்சுலின். 2-ஆம் தேதி காலை கரண்ட் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்கள்.

ரேடியோ சார் மாருதியை மேட்டுப்பக்கம் தள்ளி நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்திருந்தார். கருவிக்குக் கார் பேட்டரியே மின்சாரம். அவர் அதை ஃப்யூஸ் போட்டு நேராகப் பேட்டரி முனையிலிருந்தே இழுத்திருந்தார், சிகரெட் லைட்டர் துளையை நம்பவில்லை. கம்பி 49 சென்டிமீட்டர், அதாவது இரண்டு மீட்டர் அலையின் கால் பங்கு. கீழே காந்தம். அதைக் கூரையின் நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பியின் மறுபாதி வேலையைத் தகரக் கூரை செய்கிறது. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகப் போகும், மறுபக்கம் சோடை. கேபிள் கதவு ரப்பருக்கு அடியில் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டிருந்தார், மழைநீர் கேபிளோடு உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். இதையெல்லாம் அவர் முன்பே பலமுறை எனக்கு விளக்கியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

"சார், அக்கா அட்ரஸை எழுதிக் கொடுங்க. சுருக்கமா" என்றார்.

முப்பது வருடம் நோட் எழுதிய கை. முதலில் அரைப் பக்கம் எழுதினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தந்தி பாரம் நினைவுக்கு வந்தது. பெயர், தெரு, அடையாளம், எத்தனை பேர், என்ன தேவை என்று பதினான்கு வார்த்தையில் முடித்தேன். ரிப்பீட்டரில் வரிசை நீண்டிருந்தது. யாரோ கர்ப்பிணி, யாரோ ஆக்ஸிஜன். ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார், பதற்றமே இல்லாத குரல். எங்கள் முறை வந்தபோது ரேடியோ சார் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்கம் தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டினார். முகம் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அக்கா பெயரைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்று பதில் இல்லை. மறுநாள் மதியம் வந்தது. மூவரும் முதல் மாடியில். தண்ணீர் ஏழாவது படியில். இன்சுலின் மீனவர் படகில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் செய்தி. அத்தான் இன்றுவரை நான் ஏதோ சிபாரிசு பிடித்துப் படகு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். விளக்க முயன்று விட்டுவிட்டேன்.

ரேடியோ சார் இப்போது எங்கள் தெருவில் இல்லை. மாருதியை விற்றுவிட்டு, மகனோடு ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறார். மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்கக் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி கேட்டார். கதிர்வீச்சு வரும் என்று மறுத்துவிட்டார்கள். கடிதம் எழுதி மறுத்தவரின் சட்டைப்பையிலேயே இரண்டு செல்போன் இருந்ததாம்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலோரம் இருந்த இரும்பு பீரோவின் தலையில் அந்த ஒரு முழக் கம்பி நின்றுகொண்டிருந்தது. "தகரம் தகரம்தானே சார்" என்றார். ஜன்னலைத் திறந்து வைத்து, குமிழைத் திருகினார். ரிப்பீட்டர் கேட்டது, கொஞ்சம் இரைச்சலோடு.