வெற்றுச் சீட்டு: அன்றாட முடிவுகளில் தேவசித்தத்தை அறிதல்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின்போது தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. கையில் வந்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, அந்த வசனத்தைச் சொல்லி ஆண்டு முழுதும் ஜெபிக்கிறவர்கள் ஏராளம். அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் வேலையை விடலாமா, இந்த வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா, நிலத்தை விற்கலாமா என்ற கேள்விகளுக்கும் அதே அட்டையை விடையாக வாசிக்கத் தொடங்கும்போது ஜெபம் குறிபார்த்தலாக மாறிவிடுகிறது. தேவசித்தத்தை அறிவதற்கு நன்மை தீமையைப் பகுத்தறியும் மனம் வேண்டும், அந்த மனம் சபையின் நடுவிலேயே பக்குவப்படுகிறது, அந்தப் பக்குவத்துக்கு ஈடாக எந்த அடையாளமும் நிற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீட்டுப் போட்டு ஆண்டவரின் சித்தத்தைக் கேட்பதை முறைப்படுத்திய புராட்டஸ்டண்டு சபையாக மொரேவிய சகோதரர் சபையைக் குறிப்பிடலாம். சாக்சனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டோர்ப் பிரபுவின் தலைமையில் வளர்ந்த இச்சபை, 1728 முதல் நாளுக்கொரு வசனத்தை வீடுதோறும் சொல்லிவந்தது; 1731 முதல் அவை நூலாக அச்சிடப்பட்டன. பதவி, மிஷனெரிப் பணி, திருமணம் என எல்லாவற்றுக்கும் அங்கே சீட்டுப் போடப்பட்டது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து அதன் அருகே குடியேறிய சகோதரர்களும் இந்த மரபில் வளர்ந்தவர்களே.

அவர்களைக் குருட்டு நம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். லெயோனார்ட் டோபர் என்ற இளைஞர், டேனிஷ் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமசின் அடிமைகளுக்கு நற்செய்தி சொல்லப் புறப்பட விரும்பியபோது, சபை உடனே சீட்டைக் கையிலெடுக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு அந்த விருப்பம் ஆராயப்பட்டது. தயங்கியவர்கள் தயக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் சீட்டு. அது சாதகமாக வந்தது. 1732 ஆகஸ்டு 21 அன்று டேவிட் நிட்ஷ்மனுடன் அவர் கிளம்பினார். யோசிக்க வேண்டியதையெல்லாம் யோசித்து முடித்த ஒரு கூட்டம், தன் விருப்பத்தைக் கடைசியாக ஒருமுறை ஆண்டவர் கையில் விட்ட செயல் அது.

அவர்களுடைய சீட்டு முறையில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'ஆம்' ஒரு சீட்டு, 'இல்லை' ஒரு சீட்டு. இவற்றோடு எதுவும் எழுதாத மூன்றாவது சீட்டையும் சேர்ப்பார்கள். அது வந்தால், கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை அல்லது காலம் இன்னும் வரவில்லை என்று கொள்வார்கள். ஆண்டவர் பேசாமலும் இருக்கலாம் என்பதற்கு அவர்கள் இடம் வைத்திருந்தார்கள். நம்முடைய வாக்குத்தத்தப் பெட்டியில் வெற்று அட்டை கிடையாது. கண்டிப்பு வசனங்களும் அதில் சேர்க்கப்படுவதில்லை. எந்த அட்டையை எடுத்தாலும் ஆசீர்வாதமே வரும்படி தொகுத்துவிட்டு, வந்ததைத் தெய்வ உத்தரவு என்று கொள்வது நமக்கு நாமே சம்மதம் சொல்லிக்கொள்வதாகும்.

சீட்டு எங்கே கைவிட்டுவிடும் என்பதற்கு ஜான் வெஸ்லியின் வாழ்விலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஜார்ஜியா குடியேற்றத்தின் சவன்னாவில் குருவாயிருந்த அவர், அங்கிருந்த மொரேவியரோடு நெருங்கிப் பழகியவர். சோபியா ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தத்தளித்து, 1737 மார்ச்சில் மூன்று சீட்டுகள் எழுதினார்: மணந்துகொள், இந்த ஆண்டு அதை நினைக்காதே, இனி நினைக்கவே வேண்டாம். நண்பர் டெலமோட் எடுத்தது மூன்றாவது. அடுத்த சில நாட்களிலேயே சோபியா வில்லியம்சன் என்பவரை மணந்தார். ஆகஸ்டில் வெஸ்லி சோபியாவுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், வழக்கு மூண்டது, டிசம்பரில் வெஸ்லி சவன்னாவை விட்டு வெளியேறினார். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சீட்டு சொல்லிவிட்டது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டு சமாதானத்தோடு வாழும் மனதை அதனால் தர முடியவில்லை. அந்தப் பெண்ணின் மனம் என்னவென்பதோ கணக்கிலேயே வரவில்லை. விடை கிடைத்தும் வழிநடத்துதல் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வேதாகமத்தில் இவ்வழக்கத்துக்கு ஆதாரம் இல்லையா என்று கேட்கலாம். கிதியோனின் தோலைத்தான் பலரும் காட்டுவார்கள். ஆனால் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் கிதியோன் தோலை விரிப்பதற்கு முன்பே கட்டளை தெளிவாகக் கொடுக்கப்பட்டாயிற்று. அவன் கேட்டது திடன்; ஆண்டவர் பொறுமையாக இரங்கினார், அவ்வளவே. மத்தியாஸ் சீட்டால் தெரிந்துகொள்ளப்பட்டது பெந்தெகொஸ்தேக்கு முன்னால். பரிசுத்த ஆவி இறங்கிய பின் அப்போஸ்தலர் நூலில் சபை எங்கும் சீட்டுப் போடவில்லை. 6ஆம் அதிகாரத்தில் எழுவரைச் சபையே தெரிந்தெடுக்கிறது. 15இல் எருசலேம் சங்கம் நெடுநேரம் தர்க்கம் செய்து முடிவுக்கு வருகிறது. 16இல் பவுல் மக்கெதோனியனைத் தரிசனத்தில் காண்கிறார். தரிசனம் கண்டவர் ஒருவர். அதன் பொருளை நிதானித்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் உடனிருந்த அனைவரும். நேரடியாக வந்த வெளிப்பாடும் கூடியிருந்து ஆராய்வதை விலக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கத்தோலிக்க மரபில் இஞ்ஞாசியார் கடந்துவந்த தூரம் இதே திசையில் அமைகிறது. மனமாற்றத்தின் தொடக்கத்தில், 1522இல் மொன்செராத் செல்லும் வழியில், மாதாவைப் பற்றி மாறுபட்டுப் பேசிய ஒரு மூரைத் துரத்திக் குத்துவதா விடுவதா என்ற முடிவைத் தன் கோவேறு கழுதை எந்தப் பாதையில் போகிறது என்பதிடம் விட்டவர் அவர். அது வேறு பாதையில் போனதால் ஓர் உயிர் தப்பியது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அந்த மனிதரைக் காண முடியாது. முதலில் எந்தப் பக்கமும் சாயாத மனநிலையைக் கேட்டு மன்றாடச் சொல்கிறார். இரு பக்கத்துச் சாதக பாதகங்களையும் எடைபோடச் சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன ஆலோசனை சொல்வாய், மரண நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய் என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆராய்ச்சி என்ற பெயரில் மனிதன் தன் ஆசைக்கே நியாயம் தேடிக்கொள்வான்; சீட்டோ அந்த ஆசையை ஒரே வெட்டில் அறுக்கிறது. மொரேவியரின் பலமே இதுதான். ஆனால் அனுபவம் அவர்களையே வேறு முடிவுக்குக் கொண்டுவந்தது: 1818இல் கூடிய பொதுச் சங்கம், சாதாரண அங்கத்தினரின் திருமணங்களுக்குச் சீட்டுக் கட்டாயம் என்ற விதியை நீக்கியது. சுயவிருப்பத்தை அறுக்க உடனிருப்பவர்களின் கேள்விகள் போதும், அவர்கள் கேட்க நாம் விட்டால்.

நம் சபைகளில் அடைபட்டிருப்பது அந்த வாசல்தான். 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையின் படிப்பையும் கலியாணத்தையும் பெற்றோர் இந்த ஒரு வாக்கியத்தால் முடித்துவிடுகிறார்கள். போதகர் சபையின் பணத்தையும் இதனாலேயே செலவிடுகிறார். ஆகவே ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது: அட்டையைக் கொடுங்கள், கூடவே, முடிவெடுக்கத் திணறும் ஒருவர் தன் காரியத்தை நம்பிச் சொல்லவும், மூன்று நான்கு பேர் அவரோடு ஜெபித்துத் தயங்காமல் கேள்வி கேட்கவும், அவசரமில்லாமல் காத்திருக்கவும் சபையில் ஓர் இடத்தை ஏற்படுத்துங்கள். தேவசித்தம் என்று யார் சொன்னாலும், போதகரே சொன்னாலும், அது அங்கே ஆராயப்படட்டும்.