எந்த ஊர் ஆட்டம்? பிலிப்பைன்ஸ் நாட்டார் நடனங்களின் பிறப்பிடம் தேடி

1521இல் மெகல்லனின் கப்பலில் செபு தீவுக்கு வந்திறங்கிய இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா, அங்கே கண்ட பன்றிப் பலி ஒன்றைத் தன் குறிப்பேட்டில் விரிவாக எழுதிவைத்தார். வயது முதிர்ந்த இரண்டு பெண்கள் மூங்கில் ஊதுகுழலை ஊதிக்கொண்டு, சூரியனை வணங்கி, கட்டிக் கிடக்கும் பன்றியைச் சுற்றி ஆடுகிறார்கள். ஆட்டத்தின் முடிவில் ஒருத்தி ஈட்டியால் பன்றியைக் குத்துகிறாள். அதன் இரத்தத்தைத் தன் கணவன் நெற்றியிலும் கூடியிருப்பவர்கள் நெற்றியிலும் இடுகிறாள். ஐரோப்பியர் பக்கம் மட்டும் அவள் வரவில்லை என்பதையும் பிகாஃபெட்டா மறக்காமல் குறித்திருக்கிறார். பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆட்டம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று.

அதன்பின் ஸ்பானியர் ஆட்சி மூன்று நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. பாதிரிமாரும் பயணிகளும் ஆட்டங்களைப் பற்றி ஆங்காங்கே எழுதினார்கள். ஆனால் கால் எங்கே விழுகிறது, எந்த எண்ணிக்கையில் திரும்புகிறது என்று ஊர் ஊராகச் சென்று முறையாக எழுதிவைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்தவர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ. 1899இல் புலாகான் மாகாணத்தின் பொகாவே ஊரில் பிறந்தவர், உடற்கல்வி ஆசிரியை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1926இல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு நாட்டார் நடனங்களையும் விளையாட்டுகளையும் பற்றியது. மறு ஆண்டே நூலாக வந்து பள்ளி ஆசிரியர்கள் கைக்குப் போனது. 1934இல் பல்கலைக்கழகத் தலைவர் ஹோர்ஹே பொகோபோ நாட்டார் பாடல், நடனத்துக்கென்று ஒரு குழு அமைத்தார். அக்கினோவுடன் ரமோன் தொலெந்தினோவும், இசையைக் குறிப்பெடுக்க அந்தோனினோ புவனவெந்தூராவும் தீவு தீவாகப் போனார்கள். 1973இல் நடனத்துக்கான முதல் தேசியக் கலைஞர் பட்டம் அக்கினோவுக்குக் கிடைத்தது.

இன்று ஒவ்வொரு நடனத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்குப் பெருமளவு காரணம் இந்தப் பயணங்கள். திநிக்லிங் என்றால் லெய்த்தே, பினாசுவான் என்றால் பங்காசினான் மாகாணத்தின் பயாம்பாங், மக்லலாத்திக் என்றால் லகுனாவின் பின்யான். பாடநூல்கள் இவற்றைப் பிறந்த ஊர்களாகவே சொல்லிக்கொடுக்கின்றன. கவனமாகப் பார்த்தால் இவை ஆட்டம் பதிவான ஊர்கள். பிறந்த ஊரும் பதிவான ஊரும் ஒன்றாக இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஊர்ப் பெயரைவிட நடனத்தின் பெயரே சில சமயம் நம்பகமான சாட்சி. பினாசுவான் ஆடுபவர்கள் மது நிரப்பிய கண்ணாடிக் குவளைகளைத் தலையிலும் இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, சிந்தாமல் சுழன்று, தரையில் படுத்து உருண்டு எழுவார்கள். பெயருக்குள் ஒளிந்திருக்கும் ‘பாசோ’ குவளையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். முன்னும் பின்னும் ஒட்டியவை உள்நாட்டு ஒட்டுகள். மிந்தோரோவை அடுத்த லுபாங் தீவின் ‘பந்தாங்கோ ச இலாவ்’ இன்னும் வெளிப்படை. ஸ்பெயினின் ஃபந்தாங்கோ, தகாலோகு மொழியில் விளக்கைக் குறிக்கும் ‘இலாவ்’ உடன் சேர்ந்திருக்கிறது. தலையில் ஒன்று, புறங்கைகளில் ஒவ்வொன்று என மூன்று எண்ணெய் விளக்குகளோடு ஆடும் வழக்கம் மட்ரிட்டில் இல்லை. முக்கால் தாளம் மட்டும் அங்கிருந்து வந்தது. அதிமோனான் ஊரின் ‘போல்கபால்’ போல்காவையும் வால்ட்ஸையும் ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டது. தர்லாக்கின் மொன்கடாவில் ஆடிய ஹோத்தாவுக்குக் கைச்சிப்ளா மூங்கிலில் செய்யப்பட்டது.

திநிக்லிங் வேறு வகை. பெயர் ‘திக்லிங்’ என்னும் நீண்ட கால் பறவையிலிருந்து வந்தது. புல் தண்டுகளுக்கிடையே அது நடப்பதையும், நெல் விவசாயிகள் வைத்த மூங்கில் பொறிகளுக்குத் தப்புவதையும் ஆட்டம் காட்டுகிறது என்பதே அக்கினோவின் நூல் தரும் விளக்கம். ஸ்பானிய முதலாளிகள் தொழிலாளர்களை இரண்டு கழிகளுக்கிடையே நிறுத்திக் கணுக்காலில் அடித்துத் தண்டித்ததிலிருந்து பிறந்தது என்றொரு கதையும் உலவுகிறது. உருக்கமான கதைதான், சொல்பவர்கள் ஆவணம் எதையும் காட்டுவதில்லை. பறவையின் பெயரே நடனத்தின் பெயராக இருக்கையில் பறவை விளக்கத்தை விட்டு விலக வலுவான காரணம் தெரியவில்லை.

ஆட்டத்தை அருகிருந்து பார்த்தால் கழிகளைப் பிடிப்பவர்களும் ஆடுபவர்களுக்குச் சமமான கலைஞர்கள் என்பது புரியும். இரண்டு நீண்ட மூங்கில்கள் இரு முனையிலும் குறுக்குக் கட்டைகள் மேல் கிடக்கும். முதல் எண்ணிக்கையில் கழிகள் ஒன்றோடொன்று மோதும். இரண்டு, மூன்றில் விலகி, கட்டையின்மேல் தட்டும். வெறுங்காலோடு ஆடுபவர் அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் உள்ளே மிதித்து வெளியே வந்தாக வேண்டும். தாளம் ஏற ஏற, பிசகினால் அடி கணுக்காலில். அமெரிக்கப் பள்ளிகளின் உடற்கல்வி வகுப்புக்குப் போனபோது இது பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையாக மாற்றப்பட்டது: இரண்டு தட்டு, இரண்டு மோதல். கற்பிக்க எளிது, முக்கால் தாளத்தின் பதற்றம் அதில் கிடைப்பதில்லை.

1957இல் பிலிப்பைன்ஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் ஹெலனா பெனிதெஸ் பயானிஹான் நடனக் குழுவைத் தொடங்கினார். 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் அது பெரும் பாராட்டைப் பெற்றது. நடன அமைப்பு லுக்ரேசியா ரெயெஸ் உர்துலா, இசை லுக்ரேசியா கசிலாக். இத்தகைய மேடைகளில்தான் மலைநாடு, மரியா கிளாரா, முஸ்லிம், பழங்குடி, கிராமம் எனத் தொகுதி தொகுதியாக நடனங்களை அடுக்கும் முறை வேரூன்றியது. இந்தப் பிரிவு பழைமையானது என்றே பார்வையாளர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் மரியா கிளாரா என்பவள் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட நாவலின் நாயகி. ஸ்பானியப் பாணி நடனங்கள் பல அவள் பிறக்குமுன்பே ஆடப்பட்டவை. தலைப்பு மட்டும் அவளுடையது.

‘முஸ்லிம் தொகுதி’யின் மகுடமான சிங்கிலின் கதை இன்னும் சிக்கலானது. மிண்டனாவ் தீவின் லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மரனாவ் மக்களுடையது இது. அவர்களுடைய ‘தராங்கென்’ காவியத்தோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அக்காவியத்தை யுனெஸ்கோ 2005இல் தலைசிறந்த மரபுப் படைப்பாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆட்டம் காட்டும் கதையில் வனதேவதைகள் காட்டை உலுக்க, விழும் மரங்களுக்கிடையே இளவரசி நிதானம் தவறாமல் நடக்கிறாள். குறுக்கும் நெடுக்குமாகத் தட்டப்படும் மூங்கில்களே மரங்கள். மேடையில் வேகம் கூடுகிறது, இளவரசன் வாளோடு வருகிறான். சிங்கில் அரச குலப் பெண்கள் நிதானமாக ஆடியது என்றும், மேடை வடிவம் தங்களுடையதாகத் தெரியவில்லை என்றும் மரனாவ் தரப்பிலிருந்து விமர்சனம் எழுந்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு.

‘மலைநாடு’ என்ற சொல்லும் பலரை ஒரே மூட்டையில் கட்டுகிறது. சேகண்டி போலத் தட்டையான காங்சாவை, அவர்களுள் ஒரு பிரிவினரான காலிங்கா மக்கள் மடியில் வைத்துக் கையாலும் அடிப்பார்கள், தொங்கவிட்டுக் குச்சியாலும் அடிப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி வேளை.

மேடைக்கு எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. ரமோன் ஒபுசான் 1972இல் தொடங்கிய குழு, ஊரில் ஆடுவதற்கு இயன்றவரை நெருக்கமாக மேடையில் ஆட முயன்றது. லூசோனில் பிறந்து சூலு சுல்தான் குடும்பத்தில் மணமுடித்துப் போன லிகாயா பெர்னாண்டோ அமில்பாங்சா, தவுசுக் மக்களின் பங்கலை நடனத்தைப் பல்லாண்டு கற்று 1983இல் நூலாக்கினார். விரலில் நீண்ட உலோக நகங்கள் மாட்டி, மூச்சோடு மூச்சாகக் கை மெல்ல விரியும் ஆட்டம் அது. 2015இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

சமார், லெய்த்தே தீவுகளின் குராத்சா ஆட்டத்துக்கு இந்த மேடைச் சர்ச்சை எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் மணமக்களும் உறவினர்களும் சேவலும் கோழியும் போல ஒருவரை ஒருவர் சுற்றி ஆட, சுற்றி நிற்பவர்கள் பணத்தை அவர்கள் காலடியில் வீசுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அது பொறுக்கி எண்ணப்பட்டு, புதுக் குடித்தனத்துக்குப் போய்ச் சேர்கிறது.