ஆளைத் தேர்தலும் வினையை ஒப்படைத்தலும்

ஒரு பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எளிய செயல் போலத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். நாட்டுக்கு அமைச்சராயினும், பள்ளிக்குத் தலைமையாசிரியராயினும், கூட்டுறவுச் சங்கத்திற்குச் செயலாளராயினும் சிக்கல் ஒன்றே. வள்ளுவர் இதற்கென அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அமைத்தார். ‘தெரிந்து தெளிதல்’ என்பது ஒன்று. ‘தெரிந்து வினையாடல்’ என்பது மற்றொன்று. ஆளை ஆராய்ந்து தெளிவது ஒரு வேலை. தெளிந்தபின் அவருக்குத் தகுந்த வினையை அவரிடம் விடுவது வேறொரு வேலை. இவ்விரண்டையும் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து வரலாற்றைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

விளையாட்டில் என்ன வரலாறு இருக்கிறது என்று மாணவர்கள் எண்ண வேண்டா. ஓர் அமைச்சரின் தேர்வு நன்றா தீதா என்பது தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தெரிந்த பின்னும் கற்றவர்கள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். கால்பந்துக் கழகம் தன் மேலாளரைத் தேர்ந்தெடுத்த முறை நன்றா தீதா என்பதோ வாரந்தோறும் வெற்றி தோல்விப் பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே, தலைமையை ஆராய விரும்புவோர்க்கு அது ஒரு நல்ல ஆய்வுக்கூடம்.

மேலாளர் என்ற பதவியே தொடக்கத்தில் இன்றுள்ளது போல் இருக்கவில்லை. கழகத்தின் இயக்குநர்கள் கூடியிருந்து பதினொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடிதம் எழுதுவதும், இரயில் பயணத்திற்கு ஏற்பாடு செய்வதும், நுழைவுச் சீட்டு வரும்படியைக் கணக்கிடுவதும் செயலாளரின் வேலை. அவரே பல கழகங்களில் மேலாளர் என்றும் அழைக்கப்பட்டார். ஆடும் முறையை வகுத்து, ஆட்களைத் தேடி, அணியை உருவாக்கி, அதன் முடிவுக்குத் தாமே பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லத்தான் வேரூன்றியது. அதனை வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஹெர்பர்ட் சாப்மன்.

1925ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் நகரத்து ஆர்சனல் கழகம் ஒரு விளையாட்டுச் செய்தித்தாளில் விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அந்தப் பருவத்தில் அக்கழகம் 22 அணிகள் கொண்ட முதற்பிரிவில் 20ஆம் இடத்தில் நின்று, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பியிருந்தது. மேலாளர் தேவை என்று கூறிய அவ்விளம்பரம், அவருக்கு அனுபவமும் திறமையும் நல்லொழுக்கமும் வேண்டும் என்றது. மேலும், பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்குவதை மட்டுமே நம்பி அணி அமைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டா என்றும் கண்டிப்பாகக் கூறியது. விளம்பரத்தின் பின்னே இருந்தவர் கழகத்தின் தலைவர் ஹென்றி நாரிஸ்.

அந்தப் பதவிக்கு வந்தவர்தான் சாப்மன். அவர் 1878இல் யார்க்ஷயரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சுரங்கப் பொறியியல் படித்தவர். பல கழகங்களுக்கு ஆடியும் ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெறவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடியவர் நன்றாக நடத்துவார் என்பது உறுதியன்று. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவர் எல்லாம் கணக்கு ஆசிரியராக விளங்குவதில்லை.

இனி, விளம்பரத்தின் சொற்களைச் சாப்மனின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நல்லொழுக்கம் வேண்டும் என்றது விளம்பரம். ஆனால், ஆறாண்டுகளுக்கு முன் சாப்மன் தடை விதிக்கப்பட்டவர். முதல் உலகப் போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி என்னும் கழகத்தின் மீது குற்றச்சாட்டு எழுந்தது. கணக்கேடுகளைக் காட்ட மறுத்தமையால் 1919இல் அக்கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதன் மேலாளராக இருந்த சாப்மனும் தடைக்கு உள்ளானார். போர்க்காலத்தில் தாம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியதை எடுத்துக்காட்டி அவர் முறையிட்டார், தடை நீங்கிற்று. ஆர்சனலுக்கு விண்ணப்பித்த காலத்தில், அந்தப் பழைய பதிவை மட்டும் பார்த்திருந்தால் கழகம் அவரை ஒதுக்கியிருக்கும்.

நாரிஸும் இயக்குநர்களும் பார்த்தது வேறொன்று. 1907இல் நார்தாம்ப்டன் டவுன் அணியைச் சாப்மன் ஏற்றபோது, அது சதர்ன் லீக்கில் கடைசி இடத்தில் இருந்தது. இரண்டே பருவங்களில் அதே லீக்கின் முதலிடத்திற்கு உயர்ந்தது. பின்னர் ஹடர்ஸ்பீல்டு டவுன் என்னும் சிறிய நகரத்துக் கழகம் அவர் தலைமையில் 1922இல் எஃப்.ஏ. கோப்பையையும், 1924லும் 1925லும் லீக் பட்டத்தையும் வென்றது. பணமும் பழம்பெருமையும் இல்லாத இடங்களில் அவர் கட்டிக் காட்டியிருந்தார். அதனினும் பெரிய சான்று அவர் விலகிய பின்னரே கிடைத்தது. அடுத்த ஆண்டும், அதாவது 1926இலும், ஹடர்ஸ்பீல்டே பட்டம் வென்றது. சாப்மன் இல்லாமலே சாப்மன் கட்டிய அணி நின்றது.

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் பணிபுரிந்த நான் தலைமைக்கு வைக்கும் தேர்வும் இதுவே. ஒரு தலைமையாசிரியர் இருக்கும்போது பள்ளி ஒழுங்காக நடப்பதில் வியப்பில்லை. அவர் மாறுதலாகிப் போன மறு ஆண்டும் காலை வழிபாடு நேரத்திற்குத் தொடங்குகிறதா, இளைய ஆசிரியர் ஒருவர் துணிந்து பொறுப்பேற்கிறாரா என்று பார்த்தால்தான் அவருடைய வேலையின் ஆழம் தெரியும். புதிய மேலாளரைத் தேடும் கழகமும், அவர் வென்ற கோப்பைகளை எண்ணுவதோடு நில்லாமல், அவர் விட்டுவந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

பெருந்தொகை பற்றிய நிபந்தனை என்னவாயிற்று? சாப்மன் வந்ததும் முதல் வேலையாக சண்டர்லாந்து கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சார்லி பக்கனை வாங்கினார். முதலில் 2,000 பவுன்; முதற்பருவத்தில் பக்கன் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் மேலும் 100 பவுன் என்பது உடன்பாடு. 1928இல் டேவிட் ஜாக்கிற்கு 10,890 பவுன் கொடுத்தார். ஓர் ஆட்டக்காரருக்கு 10,000 பவுனுக்கு மேல் கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. விளம்பரம் பொய்த்துப் போயிற்று என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ‘மட்டுமே’ என்னும் சொல்லை மறந்துவிடக் கூடாது. சாப்மன் பணத்தை மட்டுமே நம்பியவர் அல்லர். சிறிய லீக் ஒன்றில் ஆடிய கெட்டரிங் அணியிலிருந்து, முன்னர்ப் பால் வண்டி ஓட்டிப் பிழைத்த எட்டி ஹாப்குட் என்னும் இளைஞரைக் கொண்டுவந்தார். அவர் பின்னர் இங்கிலாந்து அணிக்கே தலைவரானார். எக்ஸிடர் என்னும் ஊரிலிருந்து கிளிஃப் பாஸ்டினை அழைத்து வந்தபோது அவருக்கு வயது 17. எங்கே செலவிட வேண்டும், எங்கே தேடிக் கண்டெடுக்க வேண்டும் என்று அறிந்தவர் அவர்.

சாப்மனிடம் மற்றொரு பண்பும் இருந்தது. அது பிறர் சொல்லைக் கேட்பது. 1925இல் ஆப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். புதிய விதிப்படி இருவர் போதும். இதனால் முன்வரிசையினருக்கு வழி திறந்தது, பின்வரிசை தடுமாறியது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் நியூகாசில் அணி ஆர்சனலை 7-0 என்ற கணக்கில் வீழ்த்தியது. சினந்துபோன பக்கன், நடுவில் ஆடும் சென்டர் ஹாஃப் ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காப்பாளராக நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். மேலாளர் அதனைத் தம் பெருமைக்கு இழுக்காகக் கருதவில்லை, கேட்டார், ஏற்றார். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாம் அணியை ஆர்சனல் 4-0 என்று வென்றது. அந்த முறையைச் சாப்மன் ஆண்டுதோறும் செப்பனிட்டார். பின்னர் நாடெங்கும் பரவியது. புதுமையைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. பிறர் சொல்லும்போது அதை அடையாளம் காணும் அறிவு தலைவருக்குப் போதும்.

இனி, கழகத்தின் கடமை. வந்த முதற்பருவத்திலேயே ஆர்சனல் லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் அடுத்த நான்கு பருவங்களிலும் அதன் இடங்கள் முறையே 11, 10, 9, 14. 1927இல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் கார்டிஃப் சிட்டி அணியிடம் தோற்றது. பொறுமையற்ற கழகமாயின் மேலாளரை மாற்றியிருக்கும். ஆர்சனல் மாற்றவில்லை. 1930இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது; இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி, சாப்மனே வளர்த்த ஹடர்ஸ்பீல்டு! 1931லும் 1933லும் லீக் பட்டம் வந்தது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் நிமோனியா காய்ச்சலால் அவர் மறைந்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பட்டம் ஆர்சனலுக்கே. காயத்தால் ஆட்டத்தை விட்ட டாம் விட்டேக்கரைச் சாப்மன் அணியின் பயிற்சியாளராக ஆக்கியிருந்தார். அவரே 1947இல் மேலாளராகி 1948லும் 1953லும் பட்டம் வென்று தந்தார். நல்லொழுக்கம் கோரிய நாரிஸின் கதையோ வேறாக முடிந்தது. கழகத்தின் பணத்தை முறைகேடாகக் கையாண்டதற்காக 1927இல் கால்பந்துச் சங்கம் அவரைக் கழகப் பொறுப்பிலிருந்து விலக்கியது. ஆளைத் தேர்பவரும் ஆராயப்பட வேண்டியவரே.

சாப்மனைப் போன்ற ஒருவர் கிடைத்தால் எந்தக் கழகமும் செழிக்கும் என்று முடிவு செய்துவிடலாமா? ஆகாது. அதற்கு 1974ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இரண்டு பெருங்கழகங்களில் மேலாளர் பதவி காலியாயிற்று. லிவர்பூலில் பதினைந்து ஆண்டுகளாகத் தலைமை தாங்கிய பில் ஷாங்க்லி திடீரென விலகினார். லீட்ஸ் யுனைடெட் கழகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்து, அவ்வாண்டே லீக் பட்டம் வென்ற டான் ரெவி, இங்கிலாந்து அணியின் பொறுப்பேற்கச் சென்றார்.

லீட்ஸ் கழகம் நாட்டிலேயே பெயர்பெற்ற ஒருவரைத் தேடியது. பிரையன் கிளஃப் கிடைத்தார். டெர்பி கவுண்டி என்னும் கழகத்தை 1972இல் பட்டம் வெல்லச் செய்தவர் அவர். ஆனால் லீட்ஸ் ஆட்டக்காரர்களின் ஆடும் முறையைப் பல ஆண்டுகளாகப் பலரறியக் கண்டித்தவரும் அவரே. தம் உற்ற துணைவரான பீட்டர் டெய்லரும் இல்லாமல் வந்தார். வெற்றி பெற்றுப் பழகிய, தம் பழைய தலைவரைத் தந்தைபோல் எண்ணிய ஆட்டக்காரர்கள் அவரை ஏற்கவில்லை. 44 நாட்களில் கழகம் அவரை விலக்கிவிட்டது.

லிவர்பூல் என்ன செய்தது? புகழை நாடி வெளியே செல்லவில்லை. 1939 முதல் அக்கழகத்திலேயே ஆட்டக்காரராகவும், காயங்களுக்கு மருத்துவம் பார்ப்பவராகவும், பயிற்சியாளராகவும், துணைவராகவும் இருந்த பாப் பெய்ஸ்லியிடம் பொறுப்பை அளித்தது. அவர் பேச்சாளர் அல்லர். பதவியை ஏற்கவும் தயங்கினார். ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களையும், 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார்.

இதனால் கிளஃப் திறமையற்றவர் என்று எண்ணுதல் பெரும்பிழை. 1975இல் அவர் இரண்டாம் பிரிவில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகத்திற்குச் சென்றார். பின்னர் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1978இல் லீக் பட்டம். 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸ் அணியும் சீரழிந்து கிடந்ததன்று. அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை சென்றது. ஆளும் நல்லவர், அணியும் நல்லது. பொருத்தம் மட்டும் இல்லை. கிளஃப் புதிதாகக் கட்டுபவர். லீட்ஸுக்கு அன்று வேண்டியவரோ, எழுந்து நின்ற கட்டடத்தை இடிக்காமல் பழுது பார்ப்பவர். நல்ல விதையாயினும், மண்ணறிந்து விதைக்காதவனுக்கு விளைச்சல் இல்லை.

ஆகவே, புதிய மேலாளரைத் தேடும் கழகம் முதலில் தன்னையே ஆராய வேண்டும். நமக்கு வேண்டியது அடித்தளம் இடுபவரா, தொடர்ந்து நடத்துபவரா, சீர்திருத்துபவரா என்று தெளிய வேண்டும். அதன் பின்னரே ஆளை நோக்க வேண்டும். எளிய நிலையில் அவர் என்ன செய்தார், அவர் விட்டுவந்த இடம் நிலைத்ததா, பிறர் சொல்லைக் கேட்பாரா, தமக்குப்பின் வருபவரை வளர்ப்பாரா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். தேர்ந்தபின் அவருக்கு அதிகாரமும் காலமும் அளிக்க வேண்டும். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அலெக்ஸ் ஃபெர்குசனை அமர்த்தியது. முதற்கோப்பை 1990இல்தான் வந்தது. அதற்கிடையே அவர் இளம் ஆட்டக்காரர்களைத் தேடி வளர்க்கும் முறையைச் சீர்செய்துகொண்டிருந்ததை இயக்குநர்கள் கண்டார்கள், காத்திருந்தார்கள். 2013இல் அவர் ஓய்வு பெற்றபோது லீக் பட்டங்கள் 13 சேர்ந்திருந்தன. வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே காத்திருப்பது பொறுமை. பாராமல் காத்திருப்பது சோம்பல்.

மாணவர்களே, நாளை நீங்கள் விளையாட்டு மன்றத்திற்குச் செயலாளரைத் தேர்வீர்கள்; பின்னர் வாக்களித்து ஆட்சியாளரைத் தேர்வீர்கள். அப்போது பெயரையும் ஆரவாரத்தையும் பார்த்து மயங்குவதும், இரண்டு தோல்வி கண்டவுடன் கைவிடுவதும் எளிது. அவற்றின் இழப்பைத் தாங்குவது இயக்குநர்கள் அல்லர். மழையில் நின்று தம் அணிக்காகக் குரல் கொடுக்கும் எளிய மக்களே. அவர்களுக்காகவேனும் தேர்பவர்கள் நின்று நிதானித்துத் தேர வேண்டும்.