பட்டணத்துப் பள்ளியிலிருந்து எட்டயபுரம் வரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் பிள்ளைகள் பள்ளிப்படி ஏறிய வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்வது இன்றியமையாததாகும். 'சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு காலத்தில் ஊரார் கூறினர். நம்மவரிலும் சிலர் அதை நம்பினர். அச்சொல்லைப் பொய்யாக்கியவர்கள் வகுப்பறையில் நின்று உழைத்த ஆசிரியப் பெருமக்களே ஆவர். அவர்களுடைய உழைப்பின் தடம் சென்னைப் பட்டணத்தில் தொடங்கி நம் எட்டயபுரம் வரை நீள்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பொதுப் பள்ளிகளின் கதவுகள் நம்மவர்க்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. கிறித்தவத் தொண்டர்களின் பள்ளிகளே அன்று பெரும் புகலிடம். அந்நிலையில், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில், 'பஞ்சமர்' என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பட்டணத்தில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நின்றது.

கட்டடம் எழுப்பியதைக் காட்டிலும் அங்கே கற்பித்த முறையே நாம் கருதத்தக்கது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகளான பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் அப்பள்ளிகளை மேற்பார்த்தனர். விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையைக் கோர்ட்ரைட் அம்மையார் கையாண்டார். தம் பள்ளிகளின் கற்பிக்கும் முறையை விளக்கி 1906-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். 'இப்பிள்ளைக்கு அறிவு உண்டா?' என்று கேட்பதை விடுத்து, 'இப்பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது?' என்று கேட்டதே அவர்தம் சிறப்பு.

எனினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு மேலும் நம் பிள்ளைகள் செல்ல வேண்டும் என்று வாதாட நம்மிலிருந்தே ஓர் ஆசிரியர் எழுந்தார். பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம். சி. ராஜா பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர். 1920-இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்த அவர், கல்வியையே தம் முதற்கோரிக்கைகளுள் ஒன்றாக முன்வைத்தார். கரும்பலகையின் முன் நின்ற ஒருவர் ஆட்சியாளர் முன் நின்று பேசியது நமக்குப் பெருமையன்றோ!

ஆசிரியர் எவ்வளவுதான் முயன்றாலும், வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை பாடத்தில் மனம் செலுத்துவது எங்ஙனம்? ஏழைப் பிள்ளைகள் நிறைந்த ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் வறுமையால் மாணவர் வருகை குன்றியது. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி மன்றம், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க 1920-இல் தீர்மானித்தது. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையாமையால், 1925-இல் அது தடைப்பட்டது. ஏழையின் தட்டில் விழும் உணவு எத்துணை எளிதில் நின்றுபோகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பட்டணம் கண்ட அந்தப் பாடம் நம் மண்ணில் பெருந்திட்டமாக மலர்ந்தது. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை, பாரதியார் பிறந்த நம் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். பொதுமக்கள் நன்கொடையால் நடந்த திட்டத்திற்கு 1957 முதல் அரசும் பொருள் தந்தது. மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியற்ற கரிசல் பூமி இது. காட்டு வேலைக்கும், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்க்கு, அந்த ஒருவேளைச் சோறு பள்ளியின்பால் நம்பிக்கையை ஊட்டியது. பின்னர் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-இல் மதுரை நெல்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

இளைஞர்களே! சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும். அவனை அங்கே நிலைநிறுத்துவது ஆசிரியரின் நம்பிக்கை. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை ஒரு தலைமை ஆசிரியன் என்ற முறையில் நான் அறிவேன். அவர்களுக்கு வேண்டுவது, பக்கத்தில் அமர்ந்து பொறுமையோடு சொல்லித்தரும் ஒருவரே. அவர்தம் வீட்டில் அவ்வாறு அமர எழுத்தறிந்தவர் இல்லாதிருக்கலாம். நம் தெருவில் இன்று பட்டதாரிகள் இருக்கின்றனரே!

படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகள் நால்வருக்கு ஒதுக்குவார்களாயின், இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில் அப்பிள்ளைகளே இம்மலரில் கட்டுரை வரைவர். அதற்கு இன்றே உறுதி பூணுவோமாக!