கிங்கோ விதைக்குள் ஒரு துளி நீர்

இன்னைக்கு ஒரு மரத்தோட கதை. கூடவே, அந்த மரத்தைப் பொறுமையா உட்கார்ந்து பார்த்த ஒரு ஓவியரோட கதையும்.

பள்ளிக்கூடத்துல 'ஜிம்னோஸ்பெர்ம்'னு படிச்சிருப்போம். திறந்த விதைத் தாவரங்கள். மாமரத்தில் விதை, பழத்துக்குள் மூடி இருக்கும். பைன், சைகஸ், கிங்கோ போன்றவற்றில் சூலை மூடிக் காக்கும் சூலகமே கிடையாது. காற்றில் வரும் மகரந்தம் நேராகச் சூலின் வாய்க்கே வந்து சேரும்.

19-ஆம் நூற்றாண்டு தாவரவியலாளர்களுக்கு இதில் ஒரு புதிர் இருந்தது. பாசிகளிலும் பெரணிகளிலும் ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய் முட்டையைச் சேரும். பூக்கும் தாவரங்களில் நீச்சலே இல்லை. மகரந்தக் குழாய் ஆண் அணுவைக் கொண்டுபோய் விட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன? ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1851-இல், பாசி முதல் ஊசியிலை மரம் வரை எல்லாவற்றின் வாழ்க்கைச் சுழற்சியும் ஒரே அடிப்படையில் அமைந்தது என்று காட்டினார். அப்படின்னா, மகரந்தமும் இருந்து, நீந்தும் அணுவும் இருக்கிற ஒரு மரம் எங்கேயாவது இருக்கணும் இல்லையா? யாரும் பார்த்ததில்லை.

பார்த்தவர் ஹிராசே சகுகோரோ. பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குப் படம் வரையும் வேலைக்கு வந்தார். பட்டம் எதுவும் கிடையாது. வரைய வந்தவர், மெதுவாக மைக்ராஸ்கோப் பக்கம் நகர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது கிங்கோ. வசந்த காலத்தில் சூலின் நுனியில் ஒரு சொட்டு திரவம் கசியும். மகரந்தம் அதில் ஒட்டி உள்ளே இழுக்கப்படும். அதோட வேலை முடிஞ்சுதான்னா, இல்லை. நாலைந்து மாதம் காத்திருப்பு! மகரந்தக் குழாய் சூலின் திசுவுக்குள் வேர்போலப் பரவி, உணவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செப்டம்பர் வாக்கில்தான் ஆண் அணுக்கள் வெளியே வரும். அந்தக் கட்டம் ரொம்பக் குறுகியது. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அதனால் விதைகளைப் பறித்து, ஒவ்வொன்றாகச் சீவிப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

1896 செப்டம்பர் 9. வெட்டிய சூலுக்குள் இருந்த துளி திரவத்தில், கசையிழைகளைச் சுழற்றிக்கொண்டு ஒரு விந்தணு நீந்துவதை ஹிராசே பார்த்தார். தரையில் நிற்கும் அவ்வளவு பெரிய மரம், பழைய நீர்வாழ்க்கையைத் தன் விதைக்குள் ஒரு துளியாக வைத்திருந்தது. அதே ஆண்டு, அவருக்கு உதவியாக இருந்த இகெனோ செய்இச்சிரோ, சைகஸிலும் நீந்தும் விந்தணுக்களைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைச்சுது? மறு வருடமே ஹிராசே பல்கலைக்கழகத்தை விட்டு, ஹிகோனே ஊரில் பள்ளி ஆசிரியராகப் போனார். 1912-இல் ஜப்பான் அகாடமியின் இம்பீரியல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. முதலில் இகெனோவுக்கு மட்டும்தான் தருவதாக இருந்ததாம். ஹிராசேவுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று அவர் நின்றதாகச் சொல்வார்கள். இகெனோ பேராசிரியர், பட்டமும் பதவியும் உள்ளவர். பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஹிராசே ஆராய்ந்த அந்தக் கிங்கோ, டோக்கியோவின் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனா, செப்டம்பர்ல போங்க. வெளியே ஒண்ணும் தெரியாது. உள்ளே நீச்சல் நடந்துகிட்டிருக்கும்.