புத்தளம் வான்தளம் (பாலாவி)

புத்தளம் நகருக்குத் தெற்கே, களப்பை அண்டிய பாலாவியில் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத்தளம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின், இலங்கையின் வான்தளங்கள் பெருகின. கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயரிடும் கடற்படை மரபுப்படி புத்தளம் தளம் ‘எச்.எம்.எஸ். ராஜாலிய’ ஆனது. ‘ராஜாலிய’ என்பது நம் ராஜாளிப் பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல்.

விமானந்தாங்கிக் கப்பல்களின் படையணிகள் இங்கே இறங்கிப் பயிற்சி பெற்றன. கோர்செயார் போர்விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் 1944ஆம் ஆண்டுப் படங்கள் இன்றும் உள்ளன. இத்தளத்தை நினைவில் நிறுத்துபவை அவையே. அந்த யானைகளை நடத்திய பாகர்களின் உழைப்பும் போர் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. இன்று இத்தளம் இலங்கை விமானப்படையினுடையது.